ஏழு பேர்ச் காணிக்கு எத்தனை விருந்தாளிகள்!

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆந் திகதி, சனிக்கிழமை. நோன்பு காலம். காலை சரியாக எட்டு மணிக்கு இலங்கை முழுவதும் மக்கள் தத்தமது வளவுகளில் வந்து நின்றார்கள். ஐந்தே ஐந்து நிமிடம். அதற்குள் வளவில் கண்ணுக்குத் தெரிந்த குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துக் கொடுத்தார்கள். பயிரை அழிக்கும் விலங்குகள் எத்தனை என்று அறிய அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பு அது.

ஹாலிஎலையில் எங்கள் ஒழுங்கையிலும் எண்ணினோம். அடுத்த வீட்டு மாமி தன் பப்பாசி மரத்தையும் பார்த்து, குரங்கு கடித்துப் போட்ட காய்களையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அந்த நேரம் பார்த்து, "சின்ன வீட்டுத்தோட்டத்துக்குப் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரவழைப்பது எப்படி என்று எழுதப் போகிறேன் மாமி" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"வந்ததுகளை விரட்டவே நேரம் போதாது. இதில நீங்க விருந்துக்கும் ஆள் கூப்பிடப் போறீங்களா?" என்று கேட்டார் மாமி.

நியாயமான கேள்விதான்! இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் அன்று எண்ணியது அழையாத விருந்தாளிகளை. அவை நம்மிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மரத்தில் பழம் இருந்தால் வந்துவிடும். ஆனால் நாம் இடம் கொடுத்தால் மட்டுமே வரக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி, தேனீ, தும்பி, தையல்சிட்டு, தேன்சிட்டு, தவளை. இவற்றை யாரும் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் எங்கள் வளவில் ஐந்து நிமிடத்தில் எத்தனை தேறியிருக்கும் என்று அன்று எனக்குள் ஓர் ஐயம் எழுந்தது.

ஊரைச் சுற்றிலும் பச்சை, ஆனால்...

பெரகலையிலிருந்து அப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் ஏ-16 பாதையும், நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பதுளை செல்லும் ஏ-5 பாதையும் சந்திக்கும் ஊர் ஹாலிஎல. 1924இல் பதுளை வரை வந்த ரயில் பாதையில், பதுளைக்கு முந்திய நிலையம். ரயிலில் வருவோர் இரு பக்கமும் பார்த்து "என்ன பச்சை!" என்று வியப்பார்கள். பச்சைதான். ஆனால் அந்தப் பச்சையில் பெரும் பகுதி தேயிலை என்ற ஒரே செடி. ஒரு காலத்தில் காடாக இருந்த சரிவுகள் முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்காகவும் வெட்டப்பட்டவை.

ஒரே செடியுள்ள மலையில் எல்லா உயிருக்கும் சாப்பாடு கிடைப்பதில்லை. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தமக்கென்று விதிக்கப்பட்ட ஒரு சில செடிகளின் இலையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. தேயிலைக் கொழுந்து எத்தனை ஏக்கர் இருந்தாலும் அவற்றுக்கு அது பட்டினி நிலந்தான். அப்படியானால் மலைச்சரிவில் ஆங்காங்கே இருக்கும் நமது சின்னச் சின்ன வளவுகள் அவற்றுக்கு எத்தனை பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

"எங்களிடம் எங்கே வளவு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பரம்பரை பரம்பரையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் வாழ்ந்த தோட்டக் குடும்பங்களுக்கு, 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. எல்லோருக்கும் இன்னும் கிடைத்துவிடவில்லை. கிடைத்தவர்களின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,905 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மீதி 1,350 சதுர அடி. நடைபாதை, தண்ணீர்த் தாங்கி, உடுப்புக் காயப்போடும் கொடி எல்லாம் போக, செடி நட ஒரு துண்டு நிலம் எஞ்சும். பஜாரில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் இல்லை. எங்கள் பின்முற்றம் மூன்று பாய் விரித்தால் நிரம்பிவிடும்!

ஒரு பெண்மணியும் 2,673 உயிரினங்களும்

சின்ன இடந்தானே என்று சோர்வடைபவர்களுக்கு ஓர் உண்மைக் கதை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியல் ஆய்வாளர் வாழ்ந்தார். அவருடைய வீட்டுத்தோட்டம் 741 சதுர மீற்றர். நமது கணக்கில் ஏறத்தாழ 29 பேர்ச். புல்தரை, பூச்செடி, கொஞ்சம் மரக்கறி என்று எல்லோர் வீட்டிலும் இருப்பது போன்ற தோட்டந்தான். 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் அந்தத் தோட்டத்தில் என்னென்ன உயிர் வாழ்கிறது, என்னென்ன வந்து போகிறது என்று அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். உடலை மெல்ல மெல்ல முடக்கும் நரம்பு நோய் இடையில் அவரைப் பிடித்துக்கொண்டது. எண்ணுவதை அவர் நிறுத்தவில்லை.

முடிவில் கிடைத்த கணக்கு 2,673 இனங்கள்! அவற்றுள் 1,997 பூச்சி இனங்கள். 474 செடியினங்கள். முதுகெலும்புள்ள பறவை, தவளை, விலங்குகளில் 64 இனங்கள்.

பனி கொட்டும் குளிர் நாட்டில், வீடுகள் நெருங்கிய நகர்ப்புறத்தில் இத்தனை! வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊவாவில், அதில் ஒரு சிறு பங்காவது நம் முற்றத்துக்கு வராதா?

கறிவேப்பிலையில் தொடங்கிய பாடம்

எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு கறிவேப்பிலைக் கன்றுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை உம்மா கூப்பிட்டார்.

"மகள், இங்க வந்து பாருங்க. கறிவேப்பிலை எல்லாம் புழுத் தின்டு போகுது. மருந்து அடிக்கச் சொல்லுங்க."

அடித்தோம். புழுக்கள் செத்து விழுந்தன. இலை தளதளவென்று வந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து அந்த இலையைக் கிள்ளிக் கறிக்குப் போடப் போன உம்மாவின் கை நடுவழியில் நின்றுவிட்டது. "இதையா நம்ம புள்ளைகளுக்குப் போடுற?" என்று அவரே கேட்டார். புழுவுக்கு நஞ்சானது நமக்கு மட்டும் மருந்தாகுமா?

அந்தப் புழுக்கள் என்னவென்று பிறகுதான் விசாரித்து அறிந்தோம். முற்றத்தில் அடிக்கடி பறந்து திரிந்த, கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையுள்ள வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுகள் அவை. கறிவேப்பிலை, எலுமிச்சை, தோடை ஆகிய ஒரே குடும்பச் செடிகளில்தான் அது முட்டையிடும். புழு சிறிதாக இருக்கும்போது பறவை எச்சம் போலத் தோன்றும். வளர்ந்ததும் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பு போன்ற ஒன்றை நீட்டி, ஒருவித வாடை வீசும். பயமுறுத்திப் பார்க்கும் தந்திரம் அது. முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சியாக வர ஏறத்தாழ ஒரு மாதம். நாங்கள் மருந்தடித்த பின் பல வாரங்கள் முற்றத்தில் ஒரு கறுப்பு இறக்கையும் பறக்கவில்லை. புழுப் பொறுக்க வரும் தையல்சிட்டையும் காணோம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு தீர்மானம் எடுத்தோம். கறிவேப்பிலைக் கன்று இரண்டு. ஒன்று சட்டிக்கு, ஒன்று விருந்தாளிக்கு. சட்டிக்கான கன்றில் புழுவைக் கண்டால் ஓர் இலையோடு கிள்ளி மற்றக் கன்றில் விட்டுவிடுகிறோம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்பவர்கள் பூச்செடி மட்டும் நட்டால் போதாது. பூவுக்கு வருவது தேன் குடிக்கும் வழிப்போக்கர். குடியிருக்க வருவது இலைக்குத்தான். நாலு இலை ஓட்டையாவதை நாம் பொறுத்துக்கொண்டால்தான் முற்றத்தில் நாலு இறக்கை பறக்கும். விருந்தாளியை அழைத்துவிட்டுச் சோற்றை மூடி வைக்கலாமா?

எந்த இலை யாருக்கு என்று சில சொல்கிறேன். அன்னமுன்னா மரத்தின் இலை, பச்சைப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு. ஓரிடத்தில் தரிக்காமல் படபடக்குமே, அதுதான். கொடித்தோடை என்ற பெஷன் புரூட் கொடியின் இலை, செம்மஞ்சள் நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிக்கு. ஈசுரமூலிக் கொடி, இலங்கையின் தேசிய வண்ணத்துப்பூச்சியான பெரிய கறுப்பு மஞ்சள் இறக்கைக்காரனுக்கு. அருகில் ஆற்றோர மரங்களோ காட்டுத் துண்டோ உள்ளவர்கள் இந்தக் கொடியை வேலியில் ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் அதைக் கைவைத்தியம் என்று அவித்துக் குடித்துவிடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கச்சான் காலத்தில் ஒரு சட்டித் தண்ணீர்

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை மலையின் அந்தப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட, நம் பக்கம் வருவது வறண்ட கச்சான் காற்று. ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தருவது அந்தக் காற்றுத்தான். ஆனால் பறவைக்கும் தேனீக்கும் அது தொண்டை வறளும் காலம். அப்போது ஒரு சட்டித் தண்ணீர் வைத்துப் பாருங்கள். எந்தப் பூச்செடியும் அழைக்காத அளவுக்கு அது அழைக்கும்.

அகன்ற மண்சட்டி போதும். ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் நாலைந்து கூழாங்கல் போடுங்கள். தேனீ அதில் இறங்கி மூழ்காமல் குடிக்கும். பூனை பதுங்கிப் பாய முடியாதபடி, செடி மறைவிலிருந்து ஆறடி தள்ளி வையுங்கள். நம் வீடுகளில் பூனை செல்லப்பிள்ளைதான். ஆனாலும் காலையும் மாலையும் பறவை தண்ணீருக்கு வரும் நேரம் அதை வீட்டுக்குள் வைத்திருப்பது நல்லது.

இன்னொரு யோசனை. வீட்டுக்கு வெளியே வுழூச் செய்யும் குழாயடி பல வீடுகளில் உண்டு. சவர்க்காரம் சேராத சுத்தமான தண்ணீர், ஒரு நாளைக்கு ஐந்து வேளை வீணே கானில் ஓடுகிறது. அதை ஒரு சிறு வாய்க்கால் கீறி, வாழையடிக்கோ ஒரு சாண் ஈர மண்ணுக்கோ திருப்பிவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் ஈர மண்ணில் உப்புச் சத்தை உறிஞ்ச வரும். எங்கள் முற்றத்தில் வெயில் ஏறும் நேரம் ஐந்தாறு ஒன்றாகக் குந்தியிருக்கும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தண்ணீர் என்றதும் டெங்கு நினைவுக்கு வர வேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு கண்டதை மறந்துவிடலாகாது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுக்கும். எனவே சட்டித் தண்ணீரை நாள்தோறும் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதிதாக ஊற்றுங்கள். முட்டை சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும். கொட்டினால் மட்டும் போகாது. இதைத் தவறாமல் செய்ய முடியாதவர்கள் தண்ணீர் வைக்காமல் இருப்பதே மேல். குழாயடி ஈர மண்ணிலும் தண்ணீர் தேங்கி நிற்க விடக் கூடாது.

பூவும் காயும் நமக்கு, தேன் அவர்களுக்கு

2022இல் சாமான் விலை மலையேறியபோது நம்மில் பலர் முற்றத்தில் மரக்கறி நட்டோம். அப்போது பலர் கேட்ட கேள்வி: "பூசணி பூக்குது, காய் பிடிக்கல்லையே?" பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரியும் பூ, வெயில் ஏறுமுன் வாடத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு தேனீ வந்து போனால்தான் காய். மஞ்சள் கொடித்தோடைக்குப் பெரிய கருவண்டு வர வேண்டும். மரத்தில் துளையிட்டுக் குடியிருக்குமே, அந்த வண்டு. புடலம்பூ இரவில் விரிவது; அதற்கு வருவது இராப்பூச்சி. பூச்சியே ஆகாது என்று மருந்தடித்த தோட்டத்தில் இவர்கள் எப்படி வருவார்கள்?

"தேனீயா? வேண்டவே வேண்டாம்!" என்று தோட்டத்துச் சகோதரிகள் அஞ்சுவது புரிகிறது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி வைத்தியசாலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ஆனால் நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் செங்குளவியும் உண்டு. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் பெரிய ராட்டுக் கட்டும் மலைத்தேனீயும் உண்டு. நாலு பூச்செடிக்காக அவை முற்றத்தில் வந்து கூடு கட்டுவதில்லை. வீட்டுப் பூவுக்கு வருபவை பெரும்பாலும் பொந்தில் வாழும் சிறு தேனீயும், கொட்டவே தெரியாத கொசுத்தேனீயும். பூவில் தேன் எடுக்கும் தேனீயைக் கையால் பிடிக்காதவரை அதற்கு நம்மோடு பகையில்லை. பெரிய கூடு எங்கேனும் வீட்டருகே கட்டினால் கல்லெறியாமல், புகை போடாமல், தெரிந்தவர்களை அழைத்து அகற்றுவதே முறை.

இடமில்லாதவர்கள் அரிசி உரப்பையிலும் பழைய வாளியிலும் நடலாம். செவ்வரத்தை ஒன்று, வெட்சி ஒன்று, சமையலுக்குப் போக மீதியைப் பூக்க விட்ட கொத்தமல்லி ஒரு பிடி. இவை போதும். செவ்வரத்தைக்குத் தேன்சிட்டு வரும். நம் நாட்டில் காணும் நீண்ட அலகுத் தேன்சிட்டு ஒன்றுக்கு, 18ஆம் நூற்றாண்டில் இங்கே ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயரையே ஐரோப்பியர் வைத்தார்கள். கப்பல் ஏறி வந்து நாடாண்டவர் வியந்து பார்த்த குருவி, நம் சமையலறை யன்னலுக்கு வெளியே தொங்குகிறது!

ஒரு மூலை குப்பையாக இருக்கட்டும்

நம் வீட்டுப் பெண்கள் விடிந்ததும் முற்றம் கூட்டிச் சருகைக் கொளுத்திவிடுவார்கள். சுத்தம் நல்லதுதான். ஆனால் வாசலுக்கு எட்டத்தில், மதிலோர மூலையில் இரண்டடிச் சருகை மட்டும் விட்டுவையுங்கள். அதில் மண்புழுவும் வண்டும் சேரும். அவற்றைத் தேடிக் குருவிகள் வரும். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வந்து ஏப்ரல் வரை தங்கும் ஆறுமணிக்குருவிக்கு, நிழலும் சருகும் உள்ள மூலைதான் தங்குமடம். விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர்.

பாம்புக்குப் பயப்படுபவர்கள் விறகு, ஓடு, கல் என்று குவித்து வைக்காமல் இருப்பது நல்லது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எலி வருவது மூடாத சோற்றுக்கு. இரவில் அந்த மூலைப் பக்கம் டோர்ச் இல்லாமல் போகாதீர்கள். செண்பகம் வந்தால் விரட்டாதீர்கள். செடியெல்லாம் மொட்டையாக்கும் ஆபிரிக்க நத்தையைக் கொத்தித் தின்னும் நண்பன் அது.

அந்தக் காலத்தில் கூரையோரம் துளையிட்ட மண்சட்டி தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்கு இடங்கொடுத்தார்கள் அல்லவா? அதை மீண்டும் செய்யலாம். துளை ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். மைனா நுழையாது.

குரங்கை என்ன செய்வது?

இப்போது மாமியின் கேள்விக்கு வருகிறேன். குரங்கை அழைப்பது பழமும் மிச்சச் சோறும். ஆகவே பறவைக்கென்று பழம் வெட்டித் தட்டில் வைக்காதீர்கள். சமையல் கழிவை மூடியுள்ள வாளியில் போடுங்கள். ஒரேயொரு முறை கையால் ஊட்டினாலும் அது மறக்காது. நாளை கூட்டத்தோடு வரும். சின்ன முற்றத்தில் பெரிய பழமரம் வேண்டாம். இருந்தால் பழுக்குமுன் காயை இறக்கிவிடுங்கள். இலை, தேன், தண்ணீர், சருகு என்ற நான்கையும் வைத்து அழைத்தால் வருபவர்கள் சின்ன விருந்தாளிகள். தண்ணீர்ச் சட்டியைக் குரங்கும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில் அது நெடுநேரம் தங்காது.

நம் முற்றத்தில் நாமே அரசாங்கம்

களைநாசினியான கிளைபோசேற்றை 2015இல் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயனப் பசளையையே ஒரே இரவில் நிறுத்தி, விவசாயிகளைத் திண்டாட வைத்து, அந்த ஆண்டு முடியுமுன் கைவிட்டார்கள். பெரிய நிலங்களின் கதை அப்படித்தான். தடை வரும், போகும். அங்கே கொழுந்தும் சம்பளமும் கடனும் கலந்திருக்கின்றன. ஆனால் மூன்று பாய் அகல முற்றத்தில் மருந்தடிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க எந்த அமைச்சரும் தேவையில்லை. உம்மாவும் நானும் போதும்.

மலைச்சரிவு முழுவதையும் நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஒரு வண்ணத்துப்பூச்சி பறக்கும் தூரத்தில் ஒரு கறிவேப்பிலை, அதற்கு அப்பால் இன்னொரு வீட்டில் ஓர் எலுமிச்சை, அதற்கும் அப்பால் லயத்து வாசலில் வாளிக்குள் ஒரு செவ்வரத்தை என்று இருந்தால், தேயிலைக்கு நடுவே அவற்றுக்கு ஒரு பாதை உண்டாகிவிடும்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, உங்கள் பிள்ளையோடு முற்றத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றில் வந்தவர்களை எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதட்டும். எங்கள் கொப்பியில் முதல் வாரம் ஏழு பெயர்கள்தான் இருந்தன. அதில் ஒன்று காகம், ஒன்று மாமி வீட்டுப் பூனை! இப்போது முப்பத்தொன்றில் நிற்கிறது.

போன வாரம் மாமியும் வந்து எங்களோடு குந்தினார். எழும்பும்போது மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கறிவேப்பிலைக் கன்று இன்னொன்று இருந்தாத் தாங்க மகள். விருந்தாளிக்கு."